அஃபிலியேட் தளமும் தேடுபொறியும்
நம் தளத்திலுள்ள லிங்க் வழியாக யாராவது பொருள் வாங்கினால் கிடைக்கும் கமிஷனே அஃபிலியேட் வருமானம். நானும் ஓய்வு நேரத்தில் இப்படி ஒரு தளம் நடத்தினேன். தொட்டுக்கூடப் பார்க்காத ஹெட்போன்களுக்கு, தயாரிப்பாளர் தந்த விவரங்களையே மாற்றி எழுதி 'விமர்சனம்' என்று போட்டேன். தேடலில் தளம் பின்தங்கியது, கமிஷனும் நின்றது. தவறு என்னுடையதே!

கூகுள் 2011-ல் 'பாண்டா' மாற்றத்தின் மூலம் சரக்கில்லாத பக்கங்களைப் பின்னுக்குத் தள்ளியது. 2021 ஏப்ரலில், ஆழமாக ஆராய்ந்து எழுதிய பொருள் விமர்சனங்களுக்கு முன்னுரிமை தந்தது.

நீங்கள் செய்ய வேண்டியவை:

1. பயன்படுத்திய பொருளைப் பற்றி மட்டும் எழுதுங்கள். சொந்தப் புகைப்படத்தோடு, கண்ட குறைகளையும் சொல்லுங்கள்.

2. கமிஷன் லிங்க்களின் 'ரெல்' பண்பில் 'ஸ்பான்சர்டு' எனக் குறிப்பிடுங்கள். இது 2019-ல் வந்த வசதி.

3. விரும்பும் வாசகர்களின் மின்னஞ்சல் முகவரிகளைச் சேர்த்து வையுங்கள். தேடலில் இடம் போனாலும் அவர்கள் வருவார்கள்.

இதை நம்பி வேலையை மட்டும் விட்டுவிடாதீர்கள்!