வெட்டவெளியில் மானைக் காண்பது எவ்வாறு?

(பத்தாம் வகுப்பு மாணவி ஒருவரின் கட்டுரை)

மான் என்றதும் அடர்ந்த காடும் அதன் நடுவே ஓடும் நீரோடையும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் எல்லா மான்களும் காட்டு நிழலை நாடுவதில்லை. மரங்கள் அரிதான வறண்ட வெளியில் வாழ்வனவும் உண்டு. வட அமெரிக்காவின் மேற்குப் பகுதியிலுள்ள புதர்வெளிகளில் மியூல் மான் வாழ்கிறது. கோவேறு கழுதையின் காதுகளைப் போல அகன்ற காதுகளைப் பெற்றிருப்பதால் அதற்கு அப்பெயர். நம் தமிழகத்தில் அத்தகைய வெளிக்கு உரியது வெளிமான். அதன் பெயரே அதன் வீட்டைச் சொல்லிவிடுகிறது. திருகுமான், புல்வாய், இரலை என்றும் இதனை அழைப்பர்.

வெளிமானை அறிவோம்

புள்ளிமானின் கொம்பு கிளைவிட்டு வளரும். உதிர்ந்து மீண்டும் முளைக்கும். வெளிமானின் கொம்போ கிளையின்றித் திருகாணி போல் முறுக்கி வளரும், உதிர்வதில்லை. வளர்ந்த ஆண் மானாகிய கலைக்கு முதுகு கருத்தும் வயிறு வெளுத்தும் இருக்கும். கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் உண்டு. பெண் மானாகிய பிணை பழுப்பு நிறம். பொதுவாக அதற்குக் கொம்பு கிடையாது. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகம் வரை வெளிமான் ஓடவல்லது.

ஒரகடத்திலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ள கிண்டியில் இதனைக் காணலாம். கிண்டிக் காடு 1978-இல் தேசியப் பூங்காவாயிற்று. அதன் பரப்பு 2.7 சதுர கிலோமீட்டர்தான். 1967-இல் அமைந்த கோடியக்கரைச் சரணாலயத்திலும், தூத்துக்குடி மாவட்டத்தில் 1987-இல் அமைந்த வல்லநாடு சரணாலயத்திலும் வெளிமான்கள் வாழ்கின்றன.

தேடும் முறை

முற்காலத்தில் மானைத் தேடியவர் பெரும்பாலும் வேட்டைக்காரரே. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இன்று வெளிமானை வேட்டையாடுவது கடுங்குற்றம். ஆகவே நாம் தேடுவது கண்ணாலும் குறிப்பேட்டாலும் மட்டுமே.

முதலாவது, நேரம். வெளிமான் பகலில் மேயும் விலங்கு. எனினும் உச்சிவெயிலில் படுத்து அசைபோடும். அப்போது புல்லோடு புல்லாய் மறைந்துவிடும். காலையும் மாலையுமே ஏற்ற வேளை. மழைக்காலத்தில் புல் உயர்ந்து மறைக்கும். கோடையில் புல் காய்ந்து பார்வை தெளிவாகும். மான்களும் நீர்நிலையை நாடி வரும்.

இரண்டாவது, நிற்குமிடம். வெட்டவெளியில் நாம் மானைக் காணுமுன் மான் நம்மைக் கண்டுவிடும். எனவே நடந்து திரிவதைவிட ஓரிடத்தில் அமர்ந்து பார்ப்பதே நன்று. அமெரிக்காவில் மியூல் மானைத் தேடுவோரும் மேட்டில் அமர்ந்து, எதிர்ச்சரிவைத் தொலைநோக்கியால் சிறிது சிறிதாகத் துழாவுவர். கதிரவன் நம் முதுகுக்குப் பின்னால் இருக்கவேண்டும். ஒரு புதரின் மறைவும், மங்கிய நிற உடையும், வாய்திறவாமையும் துணை செய்யும்.

மூன்றாவது, காற்று. சிறிது மண்ணை அள்ளித் தூவினால் அது வீசும் திசை தெரியும். காற்று மானிடமிருந்து நம்மை நோக்கி வரவேண்டும். நம்மிடமிருந்து அதை நோக்கிச் சென்றால் நம் வாடை அதற்கு எட்டிவிடும்.

நான்காவது, பார்க்கும் விதம். முழு மானைத் தேடாதீர்கள். மானின் ஒரு பகுதியைத் தேடுங்கள். அசையும் காது, வெண்ணிற வயிறு, செங்குத்தான தண்டுகளுக்கிடையே படுக்கையாகத் தெரியும் முதுகு என ஏதேனும் ஒன்று முதலில் புலப்படும்.

ஐந்தாவது, தடயம். மானின் குளம்படி இரண்டாகப் பிளந்து முனை கூர்ந்திருக்கும். ஆட்டினுடையது சற்று மழுங்கியிருக்கும். கலைமான் தன் எல்லையைக் காட்ட ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் புழுக்கை இடும். அக்குவியலைக் கண்டால் அதன் சொந்தக்காரர் அருகில் இருக்கக்கூடும்.

கண்டவற்றை நாள், நேரம், இடம், கலை எத்தனை, பிணை எத்தனை, குட்டி எத்தனை என உடனே எழுதிவிட வேண்டும். குட்டிகளின் எண்ணிக்கை, கூட்டம் தழைக்கிறதா தேய்கிறதா என்பதைக் காட்டும்.

வெற்றிடம் அன்று

இவ்வாறு தேடுவதால் நாம் கற்பது ஓர் உண்மை. புல்லும் முள்ளும் உள்ள நிலத்தைத் ‘தரிசு’, ‘பொட்டல்’ என்று சொல்லிப் பழகிவிட்டோம். அங்கே மரம் நட்டால்தான் புண்ணியம் என்றும் எண்ணுகிறோம். ஆனால் கண்ணால் பார்த்துத் தப்பும் விலங்கு வெளிமான். நெடுந்தொலைவு தெரியாத இடம் அதற்கு ஆபத்தான இடம். கிண்டியில் புல்வெளியை மரமும் புதரும் மூட மூட வெளிமானுக்கு இடம் சுருங்கிற்று. கோடியக்கரையில் சீமைக் கருவேலம் பரவிற்று. அதன் இனிப்பான நெற்றுகளைத் தின்னும் மானே விதையைச் சாணத்தோடு பரப்பித் தன் வீட்டை அடைக்கிறது என்பது வேதனையான விந்தை. மனிதர் எறியும் நெகிழிப் பையைத் தின்று மடியும் மான்களும் உண்டு.

ஸ்ரீபெரும்புதூர் முதல் ஒரகடம் வரை இன்று தொழிற்சாலைகள் நிறைந்துள்ளன. அவை எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போடுகின்றன. அதை நாம் மறத்தலாகாது. எனினும் மதில்களுக்கு வெளியே எஞ்சிய புதர்வெளிகளிலும் ஏரிக்கரைகளிலும் முயலும் கீரியும் கௌதாரியும் வாழ்கின்றன. மேற்சொன்ன ஐந்து முறைகளையும் அவற்றிடமே பழகிப் பார்க்கலாம். பெரியோர் துணையின்றிச் செல்ல வேண்டா. காப்புக் காட்டினுள் வனத்துறையின் அனுமதியின்றி நுழைய வேண்டா. எவ்விலங்குக்கும் தின்பண்டம் தர வேண்டா.

அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ் விலங்குகளையும் பறவைகளையும் உடன்பிறப்புகளாகக் கருதினார். அவர் பெயரை ஏற்ற மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், 2015-இல் வெளியிட்ட சுற்றுமடலில் இவ்வுலகை நம் அனைவருக்கும் பொதுவான இல்லமாகக் காணச் சொன்னார். அவ்வில்லத்தில் மரம் அடர்ந்த அறையும் உண்டு. மரமில்லாத முற்றமும் உண்டு. தோழியரே, முற்றத்தையும் காப்போமாக!