மாணவர் ஒருவர் எடுத்த மூன்று படங்கள்

திரைப்படக் கலையைக் கல்லூரியில் கற்க முடியுமா என்னும் ஐயம் பலருக்கு உண்டு. சத்யஜித் ராய் எந்தத் திரைப்படக் கல்லூரியில் பயின்றார் என்று கேட்டு, வாதத்தை அத்துடன் முடித்துவிடுவோரும் உளர். கேள்வி நியாயமானதே. ஆயினும் அத்தகைய கல்லூரியில் பயின்ற ஒருவர் மாணவராக இருக்கையில் எடுத்த படங்களைப் பார்த்த பின்னரே நாம் விடை கூறவேண்டும். ரஷ்ய இயக்குநர் ஆந்த்ரே தார்க்கோவ்ஸ்கியின் மாணவப் பருவம் இதற்கு ஏற்ற சான்றாகும்.

அவர் பயின்றது மாஸ்கோவின் அரசுத் திரைப்படக் கல்லூரி. 1919-இல் தோன்றிய அக்கல்லூரி உலகின் மிகப் பழைய திரைப்படக் கல்லூரிகளுள் ஒன்று. அது தோன்றிய காலம் உள்நாட்டுப் போர்க் காலம்; படச்சுருளுக்குக் கடும் பஞ்சம். அங்கே கற்பித்த குலெஷவ் என்ன செய்தார் தெரியுமா? சுருள் இல்லாமலே ‘படம்’ எடுக்கக் கற்றுக்கொடுத்தார்! ஒரு படத்தின் காட்சித் துண்டுகளை மாணவர்கள் ஒன்றன்பின் ஒன்றாக மேடையில் நடித்துக் காட்டினர். கைப்பேசியில் கணக்கின்றிப் படம்பிடிக்கும் நமக்கு இது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால், எதைக் காட்டுவது, எதை விடுவது என்று முன்கூட்டியே முடிவு செய்யும் பழக்கம் அவர்களுக்கு இதனால் வாய்த்தது.

தார்க்கோவ்ஸ்கி 1954-இல் அங்கே சேர்ந்தார். அதற்குமுன் அரபு மொழி படிக்கத் தொடங்கிப் பாதியில் விட்டவர். நிலவியல் ஆய்வுக் குழு ஒன்றுடன் சைபீரியக் காடுகளில் சில காலம் அலைந்தவர். இயக்குநர் மிகயீல் ரோம் அவருக்கு ஆசிரியரானார். பின்னாளில் எழுத்தாளராகவும் இயக்குநராகவும் புகழ்பெற்ற சுக்ஷின் அவருடைய வகுப்புத் தோழர்.

முதற்படம் 1956-இல் எடுக்கப்பட்டது. ஹெமிங்வேயின் ‘கொலைகாரர்கள்’ என்னும் சிறுகதையே அதன் மூலம். ஏறத்தாழ 20 நிமிடம் ஓடும் அப்படத்தை மரிகா பெய்க்கு, அலெக்சாந்தர் கோர்தன் என்னும் தோழர்களுடன் சேர்ந்து இயக்கினார். (கோர்தன் பின்னர் தார்க்கோவ்ஸ்கியின் தங்கையை மணந்தார்.) ஒரு சிற்றுண்டிச் சாலைக்கு இருவர் வருகின்றனர். வழக்கமாக அங்கே உண்ண வரும் ஒருவரைக் கொல்லக் காத்திருக்கின்றனர். அவர் வரவில்லை. செய்தியறிந்து எச்சரிக்க ஓடிய இளைஞனிடம், இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்கிறார் அவர். படுக்கையில் சுவரை நோக்கித் திரும்பிக்கொள்கிறார். கதை இவ்வளவுதான். கொலை நம் கண்முன் நிகழ்வதில்லை.

மாணவர்களுக்கு ஏற்ற கதை என்று இதைத்தான் சொல்வேன். இடம் கல்லூரிக்குள் அமைத்த அரங்கம். நடிகர்கள் உடன் பயில்வோர். சாகக் காத்திருப்பவராகச் சுக்ஷின் நடித்தார். இடையில் உணவு வாங்க வந்து, நிலைமை அறியாமல் சீழ்க்கையடித்துக்கொண்டு நிற்பவர் தார்க்கோவ்ஸ்கியே! அந்தச் சீழ்க்கை நமக்கு மூட்டும் அச்சத்தைத் துப்பாக்கி மூட்டுவதில்லை. காத்திருத்தலைப் படமாக்கப் பணம் தேவையில்லை, பொறுமை தேவை. இந்த 20 நிமிடத்தில் அது நிறையவே இருக்கிறது.

அடுத்த படம் 1959-இல் வந்த ‘இன்று விடுமுறை இல்லை’. தொலைக்காட்சியின் உதவி கிடைத்தது. கூர்ஸ்க் நகரத் தெருக்கள், படைவீரர், ஊர்மக்கள் எனப் பலரும் படத்தில் இடம்பெற்றனர். போரில் வெடிக்காமல் புதைந்து கிடந்த குண்டுகளை அகற்றும் கதை. விறுவிறுப்புக்குக் குறைவில்லை. ஆயினும் எடுத்தவர் பெயரை மறைத்துவிட்டால் தார்க்கோவ்ஸ்கியின் படம் என்று யாரும் சொல்லமாட்டார். வசதி பெருகியது, கைவண்ணம் மங்கியது என்பது என் கருத்து.

பட்டத்திற்காக எடுத்த மூன்றாம் படமான ‘ரோடு ரோலரும் வயலினும்’ 1960-இல் முடிந்தது. இம்முறை மோஸ்ஃபில்ம் நிறுவனமும் வண்ணச்சுருளும் கிடைத்தன. என்றாலும் கதையை அவர் மீண்டும் சிறிதாக்கிக்கொண்டார். வயலின் கற்கும் சிறுவனுக்கும் ரோடு ரோலர் ஓட்டும் தொழிலாளிக்கும் ஒரே நாளில் உண்டாகும் நட்பு, அவ்வளவே. தன் முறைக்குக் காத்திருக்கும் ஒரு சிறுமியின் அருகே ஆப்பிள் ஒன்றை வைத்துவிட்டு, சிறுவன் ஆசிரியையின் அறைக்குள் போகிறான். திரும்பி வருகையில் அங்கிருப்பது ஆப்பிளின் நடுத்தண்டு மட்டுமே. இதைச் சொல்ல ஒரு வசனமும் இல்லை. குலெஷவ் மேடையில் கற்பித்த பாடம் 40 ஆண்டு கழித்தும் அக்கல்லூரியில் உயிருடன் இருந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

இப்படத்தின் கதையை அவருடன் சேர்ந்து எழுதியவர் ரோமின் மற்றொரு மாணவர் கொஞ்சலோவ்ஸ்கி. ஒளிப்பதிவு யூசவ், இசை ஓவ்சின்னிக்கவ். 1961-இல் நியூயார்க் மாணவர் திரைப்பட விழாவில் இதற்கு முதற்பரிசு கிடைத்தது. ஆசிரியர், தோழர், உடன் உழைப்போர் ஆகியோரை ஒருங்கே கூட்டித் தருவதே திரைப்படக் கல்லூரியின் பெரும்பயன். கருவிகளை வாடகைக்கும் பெறலாம். ராய்க்கு இத்தகைய கூட்டம் வேறு வழியில் அமைந்தது. எல்லோருக்கும் அப்படி அமையுமா?

மோஸ்ஃபில்மில் வேறொருவர் எடுத்துவந்த போர்ப்படம் ஒன்று திருப்தியளிக்காமல் நின்றுபோயிற்று. செலவான பணம் போக எஞ்சியதைக் கொண்டு அதைப் புதிதாக எடுத்துமுடிக்கும் பொறுப்பு, ரோமின் பரிந்துரையால், தார்க்கோவ்ஸ்கியிடம் வந்தது. யூசவும் ஓவ்சின்னிக்கவும் உடன் வந்தனர். ‘இவானின் குழந்தைப் பருவம்’ என்ற அப்படம் 1962-இல் வெனிஸ் விழாவில் தங்கச் சிங்கம் பெற்றது.