காயம்பட்ட மலைப்பாம்புக்கு மருத்துவம்: விவசாயிகள் அறிய வேண்டியவை

கன்னியாகுமரி மாவட்டத்தின் நஞ்செய் நிலங்கள் பலவும் மலையடிவாரத்தை ஒட்டி அமைந்தவை. பூதப்பாண்டி, அழகியபாண்டியபுரம், குலசேகரம் பகுதிகளில் காட்டையும் வயலையும் ஒரு வாய்க்காலோ ஒரு ரப்பர் தோட்டமோதான் பல இடங்களில் பிரிக்கிறது. எலி, பெருச்சாளி, முயல் ஆகியவற்றைத் தேடி மலைப்பாம்பு வயலுக்கும் வாழைத் தோட்டத்துக்கும் இறங்கி வருகிறது. அவ்வாறு வரும்போது நைலான் வலையில் சிக்கியும், அறுவடை இயந்திரத்தில் அடிபட்டும், சருகுக்கு வைத்த தீயில் வெந்தும் காயமடைவதுண்டு. அந்த நிலையில் அதைக் கண்ட விவசாயி என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது என்பதை அறிந்திருப்பது அவசியம். தவறினால் பாம்பின் உயிர் போவதுடன், விவசாயிக்கும் உயிராபத்தும் வழக்கும் வரக்கூடும்.

சட்டம் சொல்வது என்ன?

1972-ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தில் மலைப்பாம்பு முதல் அட்டவணையில் இடம்பெற்றுள்ளது. புலிக்கும் யானைக்கும் உள்ள அதே பாதுகாப்பு இதற்கும் உண்டு. இதைக் கொல்வதும், பிடித்து வளர்ப்பதும், விற்பதும் குற்றமாகும். 2022-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, முதல் அட்டவணை விலங்குகள் தொடர்பான குற்றத்துக்கு மூன்று ஆண்டுக்குக் குறையாமல் ஏழு ஆண்டு வரை சிறையும், 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமும் விதிக்கப்படலாம்.

காயம் ஆறும் வரை வீட்டில் வைத்துப் பார்க்கலாம் என்று சாக்கிலோ கூண்டிலோ அடைத்து வைப்பதும் சட்டப்படி ஏற்கத்தக்கதல்ல. வனவிலங்கு அரசின் சொத்தாகும். எவ்வகையிலேனும் அது ஒருவர் கைக்கு வந்துவிட்டால், 48 மணி நேரத்துக்குள் வனத்துறை அதிகாரிக்கோ அருகிலுள்ள காவல் நிலையத்துக்கோ தெரிவிக்க வேண்டும். நாள் கடத்தாமல் உடனே தெரிவிப்பதே இரு தரப்புக்கும் நல்லது.

முதலில் இனம் காணுங்கள்

மலைப்பாம்புக்கு நஞ்சு இல்லை. ஆனால் கொடிய நஞ்சுள்ள கண்ணாடி விரியனை மலைப்பாம்புக் குட்டி என்று கருதிக் கையால் பிடித்து உயிரிழந்தோர் உண்டு. கண்ணாடி விரியனின் முதுகில் சங்கிலி கோத்தது போல முட்டை வடிவப் புள்ளிகள் ஒழுங்கான வரிசைகளாக இருக்கும். சீண்டினால் குக்கர் ஆவி விடுவது போல உரக்கச் சீறும். மலைப்பாம்பின் திட்டுகள் பெரியவை, ஒழுங்கற்றவை. தலையின் மேல் ஈட்டிமுனை போன்ற குறி காணப்படும். இருப்பினும் வலைக்குள் சுருண்டு கிடக்கும் பாம்பை இருட்டில் பார்த்து முடிவு செய்வது கடினம். ஆகவே எந்தப் பாம்பையும் கையால் தொடாதிருப்பதே பாதுகாப்பு.

பாம்பு கடித்துவிட்டால் கீறுவதும், உறிஞ்சுவதும், இறுகக் கட்டுவதும் கூடாது. கடிபட்ட உறுப்பை அசைக்காமல் வைத்து, 108 ஊர்தியில் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, பாம்புக்கடி மருந்து உள்ள அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கோ கொண்டு செல்ல வேண்டும். மலைப்பாம்பு கடித்தாலும் அதன் பின்னோக்கி வளைந்த பற்கள் ஆழமாகக் கிழித்துவிடும். சோப்புப் போட்டுக் கழுவி, மருத்துவரிடம் காட்டி ரணஜன்னித் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும்.

நோயா, இயல்பா?

அசையாமல் கிடக்கும் மலைப்பாம்பெல்லாம் நோயுற்றது ஆகாது. பெரிய இரையை விழுங்கிய பாம்பு வயிறு புடைத்து நாட்கணக்கில் ஓரிடத்தில் கிடக்கும். அப்போது சீண்டினால் இரையைக் கக்கிவிடும். சட்டை உரிப்பதற்கு முன் கண் பால் படர்ந்தது போல வெளுத்துத் தோல் மங்கும். இது சில நாட்களில் தானே சரியாகும். மார்ச் முதல் ஜூன் வரையுள்ள மாதங்களில் பெண் பாம்பு முட்டைகளைச் சுற்றிச் சுருண்டு கிடக்கக்கூடும். குளிர்ந்தால் உடலை நடுக்கி முட்டைகளுக்குச் சூடு கொடுக்கும். இதைக் காய்ச்சல் நடுக்கம் என்று எண்ணி எடுத்துவிடக் கூடாது.

வாயைத் திறந்தபடி மூச்சு வாங்குதல், மூக்கிலும் வாயிலும் நுரை, வாயில் சீழ், தோலில் வெந்த புண், வலை வெட்டிய காயம், உடலின் பின்பாதி இழுபட்டு வருதல் ஆகியவை மருத்துவம் தேவை என்பதற்கான அறிகுறிகள்.

உடனே செய்ய வேண்டியவை

1. கூட்டத்தையும் நாய்களையும் விலக்க வேண்டும். தூரத்தில் நின்று ஒருவர் காவல் இருந்தால் போதும்.

2. அருகிலுள்ள வனச்சரக அலுவலகத்துக்கோ, நாகர்கோவிலிலுள்ள மாவட்ட வன அலுவலகத்துக்கோ தெரிவிக்க வேண்டும். தொடர்பு கிடைக்காவிட்டால் 112-ஐ அழைத்து, காவல்துறை அல்லது தீயணைப்பு நிலையத்தின் உதவியைக் கேட்கலாம்.

3. பாம்பு வெயிலில் கிடந்தால், எட்ட நின்று செய்ய முடியுமானால் மட்டும், தென்னை ஓலை நாட்டி நிழல் தரலாம். பாம்பு தன் உடல் சூட்டைத் தானே சீர்செய்ய முடியாத பிராணி. கடும் வெயில் அதை விரைவில் கொன்றுவிடும்.

4. உடலை இறுக்கிய வலையை வெட்டிவிட்டு ஓட விடக் கூடாது. நைலான் நூல் தோலுக்குள் புதைந்திருக்கும். அந்தப் புண்ணோடு புதருக்குள் போன பாம்பு சீழ் வைத்து நாளடைவில் சாகும். வருகிற வனப் பணியாளர் வலையைச் சுற்றிலும் வெட்டி, உடலோடு ஒட்டிய பகுதியுடனேயே பாம்பை மருத்துவரிடம் எடுத்துச் செல்வதே முறை.

5. பால், முட்டை, தண்ணீர் எதையும் வாயில் ஊற்றக் கூடாது. பாம்பின் மூச்சுத் துளை வாயின் அடித்தளத்தில் முன்பக்கமாக உள்ளது. ஊற்றியது நுரையீரலில் இறங்கிவிடும். மஞ்சள், மண்ணெண்ணெய், வேப்பெண்ணெய் பூசுவதும் வேண்டாம்.

மருத்துவர் என்ன செய்வார்?

வனத்துறையினர் பாம்பை அரசு கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்வர். சிக்கலான காயமானால் திருநெல்வேலி இராமையன்பட்டியிலுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி போன்ற உயர் நிலையங்களின் உதவியை நாடலாம்.

மருத்துவர் முதலில் பாம்பை எடை போடுவார். மருந்தின் அளவு எடையைப் பொறுத்தது. முதுகெலும்பு முறிந்துள்ளதா என எக்ஸ்ரே எடுப்பார். தேவையானால் மயக்க மருந்து கொடுத்து நூலை நீக்கிப் புண்ணைக் கழுவித் தைப்பார். ஊசி பெரும்பாலும் உடலின் முன்பகுதித் தசையில் போடப்படும். பின்பகுதியில் போட்டால் மருந்து உடலில் பரவுமுன் சிறுநீரகத்துக்குச் சென்றுவிடலாம் என்பதே காரணம்.

மாட்டு வைத்தியத்துக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. பாம்பின் உடல் மெதுவாக இயங்குவதால் சில மருந்துகள் மூன்று நாளுக்கு ஒரு முறை போட்டாலே போதும். தையலும் ஒரு மாதத்துக்கு மேல் இருக்க வேண்டிவரும். ஏறத்தாழ 28 முதல் 32 டிகிரி செல்சியஸ் வெப்பம் இல்லாவிட்டால் மருந்தும் சரிவர வேலை செய்யாது, புண்ணும் ஆறாது. நலமடைந்த பாம்பைப் பிடித்த இடத்துக்கு அருகிலுள்ள காட்டில் வனத்துறை விட்டுவிடும். இத்தனையையும் வீட்டில் செய்ய இயலாது என்பது இதிலிருந்தே விளங்கும்.

வளர்ப்பின் விளைவு

அமெரிக்காவின் புளோரிடாவில் செல்லப் பிராணியாக வாங்கிய பர்மிய மலைப்பாம்புகளைப் பேண முடியாதவர்கள் சதுப்பு நிலத்தில் விட்டனர். அவை பெருகி அங்குள்ள சிறு விலங்குகளை அழித்தன. அவற்றைத் தேடிப் பிடிக்க 2017-இல் தமிழ்நாட்டிலிருந்து இருளர் சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபாலும் மாசி சடையனும் சென்றனர். இவ்விருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

வருமுன் காத்தல்

பயன் முடிந்த வலையை வரப்பில் விடாமல் சுருட்டி எடுக்க வேண்டும். வலை கட்டியுள்ள நாட்களில் காலையும் மாலையும் சுற்றிப் பார்க்க வேண்டும். கும்பப்பூ அறுவடையின்போது இயந்திரத்துக்கு முன்னால் ஓர் ஆள் கம்பால் தட்டிச் செல்வது நல்லது. வாழைச் சருகுக் குவியலை எரிப்பதைத் தவிர்த்து மட்கச் செய்தால் உரமும் கிடைக்கும்.

கோழிக் கூட்டுக்கு அரை அங்குலக் கண்ணுள்ள கம்பி வலை அடித்து, ஆட்டுக் குட்டிகளை இரவில் உயரமான பரணில் அடைத்தால் இழப்பு நேராது. அப்படியும் ஆடு, கோழி போய்விட்டால் பாம்பை அடிக்காமல், இழப்பைப் புகைப்படத்துடன் வனச்சரக அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, நிவாரணம் உண்டா என்று கேட்டறியலாம். எலிக்கு விஷம் வைப்பதைக் குறைத்து இடுக்கிகளைப் பயன்படுத்த வேண்டும். விஷம் தின்ற எலியைத் தின்னும் பாம்பும் ஆந்தையும் பாதிக்கப்படக்கூடும்.

நாகராஜா கோயிலால் பெயர் பெற்ற நாகர்கோவிலைத் தலைநகராகக் கொண்ட மாவட்டம் இது. சர்ப்பக் காவில் விளக்கேற்றும் விவசாயி, தன் வயலில் எலியைக் கட்டுப்படுத்தும் பாம்பு காயப்பட்டுக் கிடக்கும்போது, அதைத் தொடாமல் உரியவருக்கு உடனே தகவல் தருவதே அதற்குச் செய்யக்கூடிய சிறந்த வைத்தியமாகும்.