விடுமுறை முடிந்த திங்கட்கிழமை

கேள்வி: கட்டட வேலை செய்கிறேன். இரண்டு வார விடுமுறைக்குப் பின் வேலைக்குத் திரும்ப மனமே வரவில்லை. என்ன செய்யலாம்?
(ஒரு வாசகர், மாண்ட்ரியல்)

பதில்: கியூபெக் மாகாணத்தில் கட்டடத் தொழிலாளருக்கு ஜூலைப் பிற்பகுதியில் ஏககாலத்தில் 2 வாரம் ஓய்வளிக்கும் ஏற்பாடு இருப்பதாலும், பிற தொழிலினர் பலரும் அதே பட்சத்தில் விடுப்பெடுத்துக் கொள்வதாலும், அது ஒரு மாகாண உற்சவமாகவே ஆகிவிட்டது. நெடிய பனிக்காலம் முழுவதும் குறுகிக் கிடந்த சரீரம், இரவு 8 மணிக்கும் அஸ்தமிக்காத சூரியனைக் கண்டபின் சுத்தியலைத் தொடத் தயங்குவது சுபாவமே அன்றி அபராதமன்று. காலை 7 மணி வேலைக்குத் தேக அசதியைக் காட்டிலும் நித்திரைக் குழப்பமே பெரிய சத்துரு ஆதலால், கடைசி மூன்று நாட்களாவது முன்னதாகப் படுத்துவிடுங்கள். ஞாயிறு மாலையிலேயே இரும்பு முனைச் சப்பாத்தையும் தலைக்கவசத்தையும் வாசலருகே வையுங்கள். முதல் நாளே உயரச் சாரத்தில் ஏறிப் பராக்கிரமம் காட்டவேண்டாம். மேஸ்திரி முகம் சுளித்தாலும் பாதகமில்லை. செப்டம்பர் முதல் திங்களன்று, 1894 முதல் சட்டப்படி அனுஷ்டிக்கப்படும் தொழிலாளர் தினம் வருகிறது. அதற்கு நான்கைந்து வாரமே பாக்கி.