மருத்துவர் பதில்கள்: தகுதித் தேர்வுக்கு எதைப் படிப்பது, எப்படிப் படிப்பது?

வெளிநாட்டில் மருத்துவம் முடித்துத் திரும்பி, தகுதித் தேர்வுக்குத் தயாராகும் கெடா வாசகர்களும் அவர்களுடைய குடும்பத்தாரும் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் மருத்துவர் பதில் எழுதுகிறார்.

கேள்வி: வணக்கம் டாக்டர். நான் வெளிநாட்டில் மருத்துவப் பட்டம் பெற்றேன். என் பல்கலைக்கழகத்துக்கு இங்கே அங்கீகாரம் இல்லாததால் தகுதித் தேர்வு எழுத வேண்டும். அப்பா ஈபிஎஃப் பணத்தை எடுத்துத்தான் என்னைப் படிக்க வைத்தார். பகலில் டியூஷன் சென்டரில் வேலை, இரவில் படிப்பு. உடற்கூறியலை முடித்து உடலியங்கியலுக்குப் போனால் முன்னது மறந்துபோகிறது. ஐந்தாண்டுப் பாடத்தை எங்கிருந்து பிடிப்பது?
— வாசகி, திகாம் பத்து

பதில்: தங்கைக்கு வணக்கம். உங்கள் வீட்டுக் கவலை நம் சமூகத்தில் பல வீடுகளுக்குத் தெரிந்த கவலை. 2005-இல் உக்ரேனின் கிரைமியா மருத்துவப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்திருந்த அங்கீகாரத்தை மலேசியா நீக்கியபோது எத்தனையோ பெற்றோர் இதே தவிப்போடு நின்றார்கள். அங்கீகாரம் இல்லாத கல்லூரியில் படித்தவர்களுக்கும் 1971-ஆம் ஆண்டு மருத்துவச் சட்டத்தின் 12-ஆம் பிரிவில் ஒரு வாசல் இருக்கிறது. அதுதான் இந்தத் தகுதித் தேர்வு. தேறினால் தற்காலிகப் பதிவு, பிறகு இரண்டாண்டு ஹவுஸ்மேன் பயிற்சி, அதன்பின் முழுப் பதிவு. தேர்வு விதிகளையும் தேதிகளையும் மலேசிய மருத்துவ மன்றத்திடமே நேரடியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வாட்ஸ்அப் குழுவில் வருவதை நம்பித் திட்டம் போட வேண்டாம்.

இனி பாடத்துக்கு வருவோம். பாடப் புத்தகத்தில் இருப்பதெல்லாம் ஒரே எடை கொண்டதல்ல. எந்த உண்மை தெரியாவிட்டால் நோயாளிக்குக் கெடுதல் நேருமோ, அதுவே அடிப்படை உண்மை. அதை முதலில் பிடியுங்கள். பாடம் பாடமாக மனப்பாடம் செய்யாமல், ஒரு நோயாளியை எடுத்துக்கொண்டு அவர் வழியாக எல்லாப் பாடங்களுக்குள்ளும் போய் வாருங்கள்.

ஓர் எடுத்துக்காட்டு. ஐம்பது வயதுக்காரர். பல ஆண்டுகளாக இனிப்புநீர், மருந்தைச் சரியாக எடுப்பதில்லை. மழைக்காலத்தில் வெறுங்காலோடு வயலிலும் வீட்டுக் கொல்லையிலும் வேலை செய்தவர். மூன்று வாரமாகக் காய்ச்சல், இருமல், உடல் மெலிவு. எக்ஸ்ரேயில் நுரையீரலின் மேல்பகுதியில் நிழல். எல்லாருக்கும் முதலில் காசநோய்தான் நினைவுக்கு வரும். சளியில் காசநோய்க் கிருமி இல்லை. அடுத்தது என்ன?

கெடாவில் மருத்துவம் பார்க்கப் போகிறவர் இங்கே மெலியோய்டோசிஸ் என்று சொல்லியாக வேண்டும். இந்த ஒரே நோயாளியை வைத்துக் கேள்விகளை அடுக்குங்கள்.

நுண்ணுயிரியல்: கிருமி எது? பர்கோல்டேரியா சூடோமல்லே. ஈர மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும் கிராம்-நெகட்டிவ் கிருமி. சாயம் போட்டுப் பார்த்தால் இரு முனைகளும் அழுத்தமாகத் தெரியும்.

உடலியங்கியல்: இனிப்புநீர்க்காரரை இது ஏன் அதிகம் தாக்குகிறது? சர்க்கரை கட்டுக்குள் இல்லாதபோது நியூட்ரோஃபில் வெள்ளணுக்களின் வேலை தளர்ந்துவிடுகிறது. இந்தக் கிருமியோ செல்லுக்குள்ளேயே ஒளிந்து வாழக்கூடியது.

நோயியல்: வேறு எங்கே தேட வேண்டும்? கல்லீரல், மண்ணீரல், ஆண்களுக்கு பிராஸ்டேட் சுரப்பி. அங்கெல்லாம் சீழ்க்கட்டி உருவாகும். அதனால்தான் வயிற்றுக்கும் ஸ்கேன் எடுக்கச் சொல்கிறோம்.

மருந்தியல்: வழக்கமாகக் கொடுக்கும் ஆம்பிசிலினும் ஜென்டாமைசினும் பெரும்பாலும் இதற்குப் பலிக்காது. செஃப்டாசிடிம் அல்லது மெரோபெனம் நரம்பு வழியாகக் குறைந்தது பத்து முதல் பதினான்கு நாள். பிறகு கோட்ரைமொக்சசோல் மாத்திரை குறைந்தது மூன்று மாதம். கிருமி செல்லுக்குள் ஒளிகிறது என்பதை முதலிலேயே புரிந்துகொண்டிருந்தால், மூன்று மாதம் ஏன் என்பதைத் தனியாக மனப்பாடம் செய்யத் தேவையில்லை.

இந்த நோயைக் கண்டறிந்த கதையிலும் ஒரு தேர்வுக் கேள்வி இருக்கிறது. 1911-இல் ரங்கூனில் ஆல்ஃபிரட் விட்மோரும் அவருடன் பணியாற்றிய சி. எஸ். கிருஷ்ணசுவாமியும் இறந்தவர்களின் உடல்களில் குதிரைகளுக்கு வரும் கிளாண்டர்ஸ் நோயைப் போன்ற கட்டிகளைப் பார்த்தார்கள். வளர்த்துப் பார்த்தபோது இந்தக் கிருமி நகர்ந்தது. கிளாண்டர்ஸ் கிருமி நகராது. அந்த ஒரு வேறுபாடே புதிய நோயைக் காட்டிக்கொடுத்தது. பின்னர் கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் ஸ்டாண்டனும் ஃபிளெட்சரும் இந்த நோயை ஆராய்ந்து, இன்று வழங்கும் பெயரை வைத்தார்கள்.

ஒரு நாளைக்கு ஒரு நோயாளி என்று தொடங்குங்கள். அந்த ஒருவரோடு நான்கு பாடங்களும் சேர்ந்தே வரும். அப்படிப் படித்த பாடங்கள் ஒன்றையொன்று நினைவூட்டும்.

கேள்வி: உயிர்வேதியியல் எனக்குச் சுத்தமாக ஏறவில்லை. அந்தச் சுழற்சிகளையெல்லாம் நோயாளியிடம் எங்கே பயன்படுத்தப் போகிறோம்?
— வாசகர், சுங்கைப்பட்டாணி

பதில்: தம்பி, மலேசியாவில் பிறக்கும் குழந்தையின் தொப்புள்கொடி இரத்தத்தை ஜி6பிடி குறைபாட்டுக்காகச் சோதிக்கிறோம். நீங்கள் வெறுக்கும் ஒரு சுழற்சி, பிரசவ வார்டில் அன்றாட வேலையாக இருக்கிறது.

அந்தச் சுழற்சியின் பெயர் பென்டோஸ் பாஸ்பேட் பாதை. அதில் முதல் படியை நடத்தும் நொதிதான் ஜி6பிடி. அந்தப் படியில் என்ஏடிபிஹெச் கிடைக்கிறது. அது குளூட்டத்தையோனைச் செயல்படும் நிலையில் வைத்திருக்கிறது. குளூட்டத்தையோன், சிவப்பணுவை ஆக்சிஜனேற்றச் சிதைவிலிருந்து காக்கிறது. மற்ற செல்களுக்கு என்ஏடிபிஹெச் பெற வேறு வழிகள் உண்டு. மைட்டோகாண்ட்ரியா இல்லாத சிவப்பணுவுக்கு இது ஒன்றுதான் வழி. அதனால்தான் குறைபாட்டின் அடி முதலில் சிவப்பணு மீது விழுகிறது.

இப்போது வீட்டுக்குள் வாருங்கள். பிறந்த குழந்தைக்கு உடுத்த, பெட்டியில் பத்திரப்படுத்திய பழைய துணிகளை எடுக்கிறார் பாட்டி. பெட்டி முழுக்கப் பாச்சை உருண்டை வாசம். அந்த உருண்டை நாப்தலீன் என்றால், ஜி6பிடி குறைந்த குழந்தைக்குச் சிவப்பணுக்கள் உடையும். பிலிருபின் ஏறும், கண்ணும் தோலும் மஞ்சளாகும். மிக அதிகமாக ஏறினால் அது மூளையில் படிந்து கெர்னிக்டெரஸ் ஆகும். காது கேட்பதே பாதிக்கப்படலாம். பாட்டியிடம், "அம்மா, இந்த உருண்டை வேண்டாம், துணியை நன்றாகத் துவைத்து வெயிலில் காயப்போடுங்கள்" என்று சொல்வதற்குள் ஒரு முழு உயிர்வேதியியல் பாடம் அடங்கியிருக்கிறது.

இதே குறைபாடு எக்ஸ் குரோமோசோம் வழியாக வருவது. அதனால் ஆண் குழந்தைகளில் அதிகம். மலேரியாவுக்கு பிரைமாகுவின் கொடுக்கும் முன் சோதிப்பதும் இதனால்தான். டாப்சோன், நைட்ரோஃபுரன்டோயின் இரண்டும் அதே பட்டியலில் வரும். ஒரு நொதியை ஏன் என்ற கேள்வியோடு பிடித்தால் மரபியல், குழந்தை மருத்துவம், மருந்தியல் மூன்றும் கூடவே வந்துவிடுகின்றன.

கேள்வி: குறிப்புகளை நாலைந்து முறை வாசிக்கிறேன். வாசிக்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கிறது. கேள்வித்தாளைப் பார்த்தால் வெறுமை. என்ன செய்வது?
— வாசகி, பீடோங்

பதில்: குறையெல்லாம் முறையில்தான் இருக்கிறது, உங்கள் அறிவில் இல்லை. 2006-இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக் என்ற இரு உளவியலாளர்கள் மாணவர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஒரு சாரார் பாடத்தை மறுபடி வாசித்தார்கள். மறு சாரார் பாடத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது வாசித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, மூடிவிட்டு எழுதியவர்கள் முந்தினார்கள். உங்களுக்குத் தெரிந்த மாதிரி இருப்பது அந்த ஐந்து நிமிடத் தெளிவு. தேர்வு கேட்பது ஒரு வாரத்துக்கும் பல மாதத்துக்கும் பிந்தைய நினைவை.

தமிழ்ப்பள்ளியில் வாய்ப்பாட்டை ஆசிரியர் முன் ஒப்பித்தீர்களே, அதைத்தான் மறுபடி செய்யச் சொல்கிறேன். ஆனால் பத்தியை ஒப்பிக்காமல், கேள்விக்குப் பதிலாக ஒப்பியுங்கள். டெங்கியை எடுத்துக்கொண்டால் ஒரு தாளில் இந்தக் கேள்விகள் மட்டும் இருக்கட்டும்:

காய்ச்சல் விட்ட நாளில்தான் ஏன் அதிகம் கவனிக்க வேண்டும்?
ஹீமடோகிரிட் ஏறுவதும் பிளேட்லெட் இறங்குவதும் சேர்ந்து எதைச் சொல்கின்றன?
எந்த அறிகுறிகள் இருந்தால் வீட்டுக்கு அனுப்பக் கூடாது?
எந்த வலி மருந்துகளைக் கொடுக்கக் கூடாது?
தேறிவரும் நாளில் டிரிப் ஏன் ஆபத்தாகலாம்?

பதில்களை வாய்விட்டுச் சொல்லுங்கள். காய்ச்சல் இறங்கும் சமயத்தில்தான் இரத்தக் குழாய்களிலிருந்து பிளாஸ்மா கசியும். கசிந்தால் இரத்தம் தடிக்கும், அதனால் ஹீமடோகிரிட் ஏறும். விடாத வாந்தி, வயிற்று வலி, ஈறில் இரத்தம், சோர்ந்து கிடத்தல் இவற்றில் ஒன்று இருந்தாலும் வீட்டுக்கு அனுப்பக் கூடாது. ஆஸ்பிரினும் ஐபுப்ரோஃபெனும் கூடாது. கசிவு பொதுவாக ஒன்றிரண்டு நாள்தான். பிறகு கசிந்த நீர் குழாய்க்குள் திரும்பும். அப்போதும் டிரிப்பை நிறுத்தாமல் விட்டால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். காய்ச்சல் விட்டதே என்று குடும்பத்தார் நிம்மதியாக அழைத்துப்போகக் கேட்கும் நேரத்தில் இதையெல்லாம் நினைத்துப் பார்க்கிறவரே பயிற்சி மருத்துவராக நிற்கத் தகுந்தவர்.

அதே தாளை மறுநாள், நாலாம் நாள், அடுத்த வாரம், அடுத்த மாதம் எடுத்துப் பாருங்கள். தடுமாறிய கேள்விக்குச் சிவப்பு மையில் குறியிட்டு, அதை மட்டும் புத்தகத்தில் திறந்து படியுங்கள். தெரிந்ததையே திரும்ப வாசித்து மகிழ்வதில் நேரம் கரையும்.

கேள்வி: இந்தியாவின் வெளிநாட்டு மருத்துவப் பட்டதாரிகள் தேர்வுக்கான புத்தகங்கள் கைவசம் இருக்கின்றன. அவற்றை வைத்து இங்கே எழுதலாமா?
— வாசகர், கூலிம்

பதில்: பயிற்சிக்கு நல்லவை. 2002 முதல் நடக்கும் அந்தத் தேர்வில் 300 கொள்குறி வினாக்கள், தேற 150 வேண்டும். உடற்கூறியல், மருந்தியல் போன்றவற்றில் உங்கள் ஓட்டைகளைக் கண்டுபிடிக்க அந்த வினாக்கள் உதவும். ஆனால் இரண்டு எச்சரிக்கைகள். முதலாவது, சிகிச்சை என்று வரும்போது மலேசியச் சுகாதார அமைச்சின் மருத்துவ நடைமுறை வழிகாட்டிகளைப் படியுங்கள். அவை இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. டெங்கி, இனிப்புநீர், உயர் இரத்த அழுத்தம் இவற்றிலிருந்து தொடங்குங்கள். 2019 தேசியச் சுகாதார ஆய்வில் நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது. இந்தியர்களில் இந்த விகிதம் இன்னும் மிக அதிகம். இந்த ஒரு வழிகாட்டியை வரிக்கு வரி அறிந்திருப்பது நம் மக்களுக்கு நீங்கள் செய்யும் கடமை. இரண்டாவது, சரியான விடையைக் கட்டத்தில் குறிப்பதும், எதிரே நிற்கும் தேர்வாளரிடம் காரணத்தோடு சொல்வதும் வேறு வேறு திறமைகள். கொள்குறி வினாவை முடித்ததும், மற்ற விடைகள் ஏன் தவறு என்று ஒரு வாக்கியம் சொல்லிப் பழகுங்கள்.

கேள்வி: ஐயா, நான் தோட்டத்தில் மருந்தடித்து ஓய்வு பெற்றவன். என் மகன் முதல் முறை தேறவில்லை. அறைக்குள்ளேயே கிடக்கிறான். எனக்கு அதிகம் படிப்பில்லை. அவனுக்கு நான் எப்படி உதவ முடியும்?
— வாசகர், பாடாங் செராய்

பதில்: அண்ணா, உங்களுக்குத் தெரிந்தது அவருடைய பாடத்தில் ஒரு முக்கியமான பகுதி. நீங்கள் அடித்த மருந்துகளின் பெயரை அவரிடம் சொல்லுங்கள். பூச்சிமருந்துக் குப்பிகளில் ஆர்கனோபாஸ்பேட் வகை இருந்திருக்கும். அது உடலுக்குள் போனால் அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதி முடங்கிவிடும். கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கும், எச்சிலும் வியர்வையும் வழியும், நெஞ்சில் சளி நிறையும், நாடி தளரும். அட்ரோபின் கொடுப்பார்கள். நெஞ்சு வறண்டு மூச்சு சீராகும்வரை அளவைக் கூட்டிக்கொண்டே போவார்கள்.

களைக்கொல்லியான பாராகுவாட்டை மலேசியா 2020 ஜனவரி 1 முதல் தடை செய்துவிட்டது. ஆனாலும் அந்தப் பாடம் தேவை. மூச்சுத் திணறுகிறவருக்கு ஆக்சிஜன் கொடுப்பதுதான் மருத்துவரின் முதல் பழக்கம். பாராகுவாட் குடித்தவருக்கு மட்டும், ஆக்சிஜன் மிகவும் குறைந்தாலன்றி அதைக் கொடுக்கத் தயங்குவோம். ஏனென்றால் அந்த நஞ்சு ஆக்சிஜனையே பயன்படுத்தி நுரையீரலை அரிக்கிறது. இரண்டு குப்பிகளுக்கும் தோட்டத்தில் ஒரே பெயர், மருந்து. ஆஸ்பத்திரியில் இரண்டுக்கும் செய்வது முற்றிலும் வேறு. எந்தக் குப்பி, என்ன நிறம், எப்போது என்று கேட்டறிகிற மருத்துவர்தான் உயிரைக் காப்பாற்றுவார்.

பால்மரக் காட்டில் இலைச்சருகுக்குள் அசையாமல் கிடக்குமே, மலாய்க்காரர்கள் கபாக் போடோ என்பார்களே, அந்தப் பாம்பையும் சொல்லுங்கள். அதன் விஷம் இரத்தத்தை உறைய விடாது. கடிபட்டவரின் இரத்தத்தைச் சுத்தமான கண்ணாடிக் குழாயில் எடுத்து இருபது நிமிடம் அசைக்காமல் வைத்துப் பார்ப்பார்கள். உறையாமல் ஓடினால் விஷம் ஏறியிருக்கிறது என்று பொருள். கயிற்றால் இறுக்கிக் கட்டக் கூடாது. கீறிவிடவும் கூடாது என்பதற்கு இதில்தான் விளக்கம்.

ஞாயிறு காலையில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். நீங்கள் நோயாளியாக உட்காருங்கள், அவர் மருத்துவராகக் கேட்கட்டும். தோட்டத்தில் நீங்கள் பார்த்த ஒரு நோயை, உங்கள் பேச்சிலேயே, உடம்பில் என்ன செய்தது என்று சொல்லுங்கள். அவர் அது என்ன, ஏன் வந்தது, இனி என்ன செய்யப் போகிறேன் என்று உங்களுக்குத் தமிழில் விளக்க வேண்டும். பிறகு அதையே தேர்வு மொழியில் ஒருமுறை சொல்லிப் பார்க்கட்டும். அவர் சொன்னது உங்களுக்குத் தெளிவாக விளங்கினால் தேர்வாளருக்கும் விளங்கும். உங்களுக்கு விளங்காத இடத்தைக் குறித்து வையுங்கள். அந்த வாரம் அவர் முதலில் திறக்க வேண்டிய பக்கம் அதுதான்.