தேர்வு வந்தால் பந்தை ஒதுக்கலாமா?

மாணவர்களே, எஸ்.பி.எம். நெருங்கியதும் செந்தூலில் பலர் முதலில் கைவிடுவது மாலை விளையாட்டைத்தான். அது சரியா?

தேர்வுப் பயம் வந்தால், சிறுநீரகங்களின் மேலுள்ள அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலின், கார்டிசோல் ஆகியவற்றைச் சுரக்கும். இதயம் படபடக்கும், இரத்தத்தில் சர்க்கரை கூடும். உடல் ஓடத் தயாராகிறது. நாமோ நாற்காலியில் அமர்ந்திருக்கிறோம்! ஓடினால் தசைகள் அச்சர்க்கரையைப் பயன்படுத்தும். இரவில் நல்ல தூக்கம் வரும். படித்ததை மூளை உறுதிப்படுத்தத் தூக்கம் தேவை.

2011இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில், ஓராண்டு நடைப்பயிற்சி செய்த முதியவர்களுக்கு, நினைவாற்றலுக்குரிய மூளைப் பகுதியான ஹிப்போகேம்பஸ் சுமார் 2 விழுக்காடு வளர்ந்திருந்தது.

உங்கள் வயதினருக்கு நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிட உடலியக்கம் தேவை என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். தித்திவங்சா ஏரிப் பூங்காவில் மெதுவோட்டமோ, வீட்டருகே பூப்பந்தோ, அரை மணியில் தொடங்குங்கள். பிறகு புத்தகத்தைத் திறந்து பாருங்கள்.