நெருங்கினால் ஒளிரும்

நுழையும்முன்

நிறம் தரும் சாயங்களை நாம் அறிவோம். ஒளி தரும் சாயங்களும் உள்ளன. கரைசலில் மின்னும் அவற்றுள் பல, திண்மப் படலமானதும் மங்கிவிடுகின்றன. இச்சிக்கலை வேதியியலார் வென்ற வரலாற்றை இப்பாடம் கூறுகிறது.

கையில் ஒரு படலம்

மாலை வேளை. தாம்பரம் நோக்கிச் செல்லும் மின்தொடர் வண்டி பொத்தேரி நிலையத்தில் நிற்கிறது. ஏறும் மாணவர் பலரின் கைகளில் கைப்பேசிகள் ஒளிர்கின்றன. அவற்றுள் பலவற்றில் ஒளியை உமிழ்பவை, தலைமுடியின் பருமனில் நூற்றில் ஒரு பங்கைவிட மெல்லிய கரிமப் படலங்களே. 1987இல் கோடாக் நிறுவனத்தின் சிங் டாங், ஸ்டீவன் வான் ஸ்லைக் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு இத்தகைய திரைகளுக்கு அடித்தளமிட்டது. இங்குச் சாயம் கரைசலாக அன்றித் திண்மமாகவே ஒளிர வேண்டும்.

மங்குவது ஏன்?

சாய மூலக்கூறு ஒளியையோ மின்னாற்றலையோ ஏற்றுக் கிளர்ச்சியடைகிறது. அவ்வாற்றலை மீண்டும் ஒளியாக வெளிவிடுகிறது. ஆனால், தட்டையான மூலக்கூறுகள் நெருங்கும்போது, அடுக்கிய தட்டுகளைப்போல் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன. அப்போது ஏற்ற ஆற்றலின் பெரும்பகுதி வெப்பமாக வீணாகிறது. செறிவு மிகுந்தால் ஒளிர்வு குன்றுவதை, 1954இல் ஃபோர்ஸ்டரும் காஸ்பரும் பைரீன் கரைசலில் கண்டனர். சாயத்தை வேறொரு பொருளில் சிறிதளவே கலந்து, மூலக்கூறுகளை விலக்கி வைப்பது ஒரு தீர்வாக அமைந்தது.

உலர்ந்த துளி

2001இல் ஹாங்காங் அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பென் சோங் டாங் குழுவினர் இதற்கு நேர்மாறான ஒன்றைக் கண்டனர். சிலோல் என்னும் வகைச் சேர்மத்தின் துளி, ஈரமாக இருந்தபோது புற ஊதா விளக்கின்கீழ் ஒளிரவில்லை. கரைப்பான் உலர்ந்ததும் பளிச்சென ஒளிர்ந்தது! பிழையென ஒதுக்காமல் அவர்கள் காரணத்தைத் தேடினர்.

அம்மூலக்கூறில் பென்சீன் வளையங்கள் பனையோலைக் காற்றாடியின் இதழ்கள்போல் முறுக்கி நிற்கின்றன. கரைசலில் அவை தடையின்றி அசைவதால் ஆற்றல் அசைவிலேயே தீர்ந்துவிடுகிறது. திண்மத்திலோ அண்டை மூலக்கூறுகள் அவ்வசைவைத் தடுக்கின்றன. முறுக்கிய வடிவம் தட்டுப்போல் அடுக்கவும் விடுவதில்லை. எனவே, ஆற்றல் ஒளியாக வெளிப்படுகிறது. இதனைத் 'திரள்தூண்டு ஒளிர்வு' எனலாம்.

இன்று வேதியியலார், மங்கும் சாயங்களுடன் இத்தகைய காற்றாடி வடிவ உறுப்புகளை இணைத்துத் திண்மத்திலும் ஒளிரச் செய்கின்றனர். நெருக்கம் ஒளியை அணைக்கும் என்பது தட்டை வடிவங்களுக்குப் பொருந்தும் உண்மை. வடிவம் மாறினால் அந்நெருக்கமே ஒளியைக் காக்கிறது. எதிர்பாராத விளைவைக் கண்டு 'ஏன்?' என வினவியவர்க்கே இவ்வுண்மை புலப்பட்டது.

சிந்தனை வினா

கரைசலில் மங்கிய சிலோல், உலர்ந்தபின் ஒளிர்வதற்கான காரணங்கள் இரண்டனைக் கூறுக.